எனக்கு ஒண்ணும் இல்லை என்று சொன்ன தெரு

என் இடது காதுக்கு நிரந்தர உரிமையாளரான பூங்கோதை அக்காவுக்கு,

மைக்செட் உலகின் மாமன்னனும், தேரடி வீதியில் நின்று ஒருமுறை ‘ஹலோ’ என்றால் போளூரில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும்படியான குரலை உடையவனும், உன் ஒரே தம்பியுமான சண்முகம் எழுதிக்கொள்வது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அங்கே கரண்ட் கட் உண்டா? அத்தான் உனக்கு முன்னாலேயே போய், பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி உனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

உனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நீ ஹிஸ்டரி டீச்சர். நான் எதை எழுதினாலும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பித் தருவாய். என் கல்யாணப் பத்திரிகையையே திருத்தினவள் நீ. இந்தக் கடிதத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள், அல்லது கனவில் வந்து சுழித்துவிட்டுப் போ.

எழுதக் காரணம் உன் மகள். கயல் செய்த காரியத்தை நான் வேங்கிக்கால் டீக்கடையில் சொன்னேன், மாஸ்டர் பாலைப் பொங்கவிட்டார். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் சொன்னேன், கண்டக்டர் ரெண்டு ஸ்டாப்புக்கு டிக்கெட் போட மறந்தார். சலூனில் சொன்னேன், பாதிச் சவரத்தோடு ஒருவர் எழுந்து நின்று கேட்டார். இனி இந்த மாவட்டத்தில் சொல்லாமல் பாக்கியிருப்பது நீ ஒருத்திதான்.

முதலில் வீட்டுச் சேதி. கயல் இப்போதும் கீழ்பென்னாத்தூர் வேளாண்மை ஆபீஸில்தான் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனி ஞாயிறு வந்து போகிறார். மற்ற நாளெல்லாம் வேங்கிக்காலில் நீ கட்டின வீட்டில் அவளும் சின்னக் குட்டியும் மட்டும்தான். மாடியை வாடகைக்கு விடுகிறார்கள்.

மாடியில் போன வருஷம் வரை ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். மலையைப் பார்க்க வந்தவர், ஒன்றரை வருஷம் கிளம்பவில்லை. காலையில் ஒரு முழத் துணியோடு மொட்டை மாடியில் தலைகீழாக நிற்பார். பார்த்த காக்காய்களெல்லாம் வெட்கப்பட்டு செங்கம் பக்கம் குடிபோய்விட்டன. தெருவில் ஒருவர் ஒரு வார்த்தை சொன்னார்களா? கிடையாது. தெரு நலச் சங்கச் செயலாளர் கோதண்டம் சார், தாலுகா ஆபீஸில் பைல் கட்டியே தலை நரைத்தவர், தினமும் வாசலில் நின்று அந்தத் தலைகீழ்க் கால்களைப் பார்த்துக் கும்பிடுவார். ‘பெரிய சாமி’ என்பார்.

அந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போன பிறகு வந்தவள்தான் தமாண்டா. ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாடு. முப்பத்தைந்து வயசு இருக்கும். நம் மல்லாட்டைதான் அவள் படிப்பு. அங்கேயும் செம்மண், அங்கேயும் மழையைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை போடுகிற ஜனங்கள். இங்கே ரெண்டு வருஷம் தங்கி, கீழ்பென்னாத்தூர் நிலங்களில் எந்த விதை வறட்சியைத் தாங்குகிறது என்று பார்க்க வந்திருக்கிறாள். வயல் வேலை செய்கிற பொம்பளைங்களோடு உட்கார்ந்து அவள் மல்லாட்டை உரிக்கிற வேகத்தைப் பார்த்தால், இயந்திரம் கண்டுபிடித்தவன் ராஜினாமா செய்துவிடுவான்.

ஆனால் இருக்க வீடு இல்லை. மூணு வீட்டில் கேட்டிருக்கிறாள். ஒரு வீட்டில் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். ஒரு வீட்டுக்குச் சென்னையிலிருந்து சொந்தக்காரர் வருகிறார். இன்னொரு வீட்டில் நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள், அந்த நாள் இன்னும் பிறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் பெட்டியும் விதை மூட்டையுமாகக் கிடந்தவளிடம் கயல் சொல்லியிருக்கிறாள், எங்கள் மாடி காலியாகத்தான் இருக்கிறது என்று.

வந்த வாரமே தெரு முணுமுணுக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றார்கள். பிள்ளைகளோ அவள் பின்னலை எண்ணிப் பார்ப்பதற்கு வரிசையில் நின்றார்கள். சமையல் வாசனை ஒரு மாதிரி இருக்கிறது என்றார்கள். அவள் கீரையில் மல்லாட்டைப் பொடியைத் தூவிக் கடைகிறாள், அவ்வளவுதான். நான் சாப்பிட்டுப் பார்த்தேன். ரெண்டாம் முறை கேட்டு வாங்கினேன். மூன்றாம் முறை கேட்காமலே எடுத்தேன்.

பிறகு ஒரு நாள் கோதண்டம் சார் கேட்டுக்கு வெளியே நின்று கயலிடம் சொன்னார். நானும் இருந்தேன்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மனுஷங்கன்னா எல்லாரும் ஒண்ணுதான். தெருவுல நாலு பேரு ஒரு மாதிரி பேசிக்கிறாங்க. செயலாளர்னு ஒருத்தன் இருந்தா அவன்தான சொல்லியாவணும்?”

அந்த நாலு பேர் யார் என்று கயல் கேட்டாள். அதெல்லாம் பேர் சொல்லக் கூடாது, நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும் என்றார். மூணாம் நாள் சங்கத்தின் லெட்டர் வந்தது, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி. ‘குடியிருப்போர் சிலர் ஆட்சேபிப்பதால், மாடியில் குடியிருப்பவரை இம்மாத இறுதிக்குள் காலி செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ அடியில் ஒரு பேரும் இல்லை.

சங்கத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது, அது கயலுக்கும் தெரியும். ஆனால் ஒரு பெண் குழந்தையோடு தனியாக இருக்கிற வீட்டுக்குத் தெருவும் வேண்டியிருக்கிறதே. ஸ்கூல் வேன் லேட்டானால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். ராத்திரி ஜுரம் வந்தால் ஆட்டோ பிடித்துத் தர ஒரு ஆள் வேண்டும். தமாண்டாவோ சேதி கேட்டதும் தானே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். இந்த வீடும் போனால் திரும்பி ஊருக்கே போய்விடுவதாகச் சொன்னாள். விதைத்தது பாதி வளர்ந்து நின்றது அக்கா.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிங்கம் போல் சீறினேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஆனால் உன்னிடம் பொய் சொன்னால் செல்லாது. ஹாலில் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, இப்படித்தான் சொன்னேன்.

“எனக்கு ஒண்ணும் இல்ல கயலு. தங்கமான பொண்ணு. ஆனா நீ தனியா இருக்கற. தெருவப் பகைச்சிக்கினு இன்னா பண்ணுவ? வேற நல்ல எடமா நானே பாத்துத் தர்றேன்.”

கயல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

“இத நீங்க ஏற்கனவே மைக்ல சொல்லிட்டீங்க மாமா.”

“நானா? எப்ப?”

“அம்மா போடற படத்துல.”

சக்கரவர்த்தியின் கிரீடம் கழன்று ஊஞ்சலுக்கு அடியில் உருண்டது. நான் குனிந்து எடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தை வேறு யாராவது எட்டிப் படித்தால் அவர்களுக்காக அந்தப் படத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய அமெரிக்கப் படம், கறுப்பு வெள்ளை. பேரைச் சொன்னால் என் இங்கிலீஷ் சிரிப்பாய்ச் சிரித்துவிடும், நாம் அதை ‘பியானோக்காரர் படம்’ என்றுதானே சொல்வோம். ஒரு சின்ன ஊர். பெரிய வீட்டில் கல்யாணம். பியானோவுக்குச் சுருதி சேர்க்க வெளியூரிலிருந்து பெரிய கெட்டிக்காரர் ஒருவரைக் கடிதம் போட்டு வரவழைக்கிறார்கள். ரயிலிலிருந்து இறங்குகிறவர் கறுப்பர். முன்வாசல் உங்களுக்கில்லை, பின்வாசலால் வாருங்கள் என்கிறார்கள். வந்து, அருமையாகச் சுருதி சேர்த்து முடிக்கிறார். அதற்குள் பெருமழை, பாலம் உடைந்து ரயில் நின்றுவிடுகிறது. ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டு அவர் பதினொரு கதவு தட்டுகிறார்.

பதினொரு கதவிலும் யாரும் அவரைத் திட்டுவதில்லை. அதுதான் அந்தப் படம். எல்லோரும் அவ்வளவு மரியாதை. ‘எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை, ஆனால் மற்ற விருந்தாளிகள்...’ ‘எனக்கென்ன, என் மாமியார்தான்...’ ‘நான் அப்படிப்பட்டவள் இல்லை, இந்த ஊர் அப்படி...’ கடைசியில் அவர் ஸ்டேஷன் பெஞ்சில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். மறுநாள் கல்யாணத்தில் பெண் பியானோ வாசிப்பாள், ஊரே கை தட்டும்.

உன் கீழ்பென்னாத்தூர் ஸ்கூலில் ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்புக்கு இதைப் போடுவாய். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ஓடாது என்று, நீ நோட்டில் எழுதிய தமிழ் வசனத்தை நான் மைக்கில் பேசுவேன். ஆண், பெண், குழந்தை, குதிரை எல்லாம் நானே. மழைக்கும் நானே குரல் கொடுத்தேன் என்பது சரித்திரம்.

முதல் வருஷம் நான் செய்த காரியம் உனக்கு மறந்திருக்காது. எல்லோருக்கும் நல்ல தமிழ் பேசினேன். பியானோக்காரருக்கு மட்டும் சினிமா காமெடியன் குரல். ‘அய்யோ எசமான்’ என்று கீச்சுக் குரலில் இழுத்தேன். நோட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. பெஞ்செல்லாம் அதிர்ந்தது. எனக்கு ஒரே பெருமிதம். கறுப்பான ஆள் வந்தால் சிரிக்க வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை அக்கா, எப்படியோ தெரிந்திருந்தது.

நீ படத்தை நிறுத்தினாய். என் காதைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப் போனாய்.

“எல்லாருக்கும் பேச்சு குடுத்த. அவருக்கு மட்டும் இளிப்பக் குடுத்திருக்க. ஏன்டா?”

வேறு எந்தக் குரலில்தான் பேசுவது என்று முனகினேன். என் குரலில் பேசு என்றாய். முதலிலிருந்து மறுபடி போட்டாய். அந்த முறை அவருக்கு உன் குரலைக் கொடுத்தேன், நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, வகுப்பில் நீ பேசுகிற மாதிரி. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும், இதில் கெட்டவர் யார் என்று கேட்டாய். யோசித்து யோசித்து, யாரும் இல்லை டீச்சர் என்றார்கள். ‘அப்ப அவரு ஏன் நனைஞ்சாரு?’ என்று கேட்டுவிட்டு நோட்டை மூடினாய்.

உன்னைப் பெண் பார்க்க வந்த ஏழு கூட்டம் எனக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நான் எலுமிச்சம் பழம், நீ கறுப்பு. அம்மா உன் முகத்தில் அப்பிய பவுடரில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம். வந்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள், பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார்கள். அப்புறம் ஆள் விட்டுச் சொல்வார்கள், எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க, பையனோட பெரியம்மாதான் நிறம் கம்மின்றாங்க என்று. ஏழு கூட்டத்துக்கும் ஒரு பெரியம்மா இருந்தாள். எட்டாவதாக வந்த அத்தானுக்குத்தான் பெரியம்மாவே இல்லை.

அதனால்தானே அந்தப் படம் உனக்கு அவ்வளவு பிடித்தது? நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

இப்போது வேங்கிக்காலுக்கு வருகிறேன். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என்னிடம் கயல் சொன்னாள், அம்மா நினைவு நாளுக்கு அந்தப் படத்தைப் போடலாம், தெரு முழுக்கக் கூப்பிடலாம் என்று. போட்டோம். ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்த நேரம், பக்கத்துக் காலி மனையில் ரெண்டு மூங்கில் நட்டுத் திரை கட்டினேன். அண்டா நிறைய மல்லாட்டை அவித்து வைத்தோம். அந்த ஆவியில் மலையே கொஞ்ச நேரம் மறைந்தது. கோதண்டம் சார் முன் வரிசை நாற்காலியில். மூலை வீட்டு பாஷா பாய், பெரிய தெருவில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், வீட்டம்மாவோடு பின் வரிசையில். அவர்களுக்குப் பக்கத்தில் தமாண்டாவைக் கயல் உட்கார வைத்தாள்.

மைக்கைப் பிடித்தேன். முதல் கதவு வந்தது, ஓட்டல்காரர். உன் நோட்டில் ‘ஆட்சேபணை’ என்று எழுதியிருக்கிறாய். என் வாயில் வேறு வந்துவிட்டது. “எனக்கு ஒண்ணும் இல்லைங்க. ஆனா...” சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. ரெண்டாவது கதவிலும் அதுவே வந்தது. மூன்றாவது கதவு திறந்ததும் பிள்ளைகள் என்னோடு சேர்ந்து சொன்னார்கள். ஆறாவது கதவுக்கெல்லாம் தெருப் பிள்ளைகள் மொத்தமும், திரையில் அந்த அம்மா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, ஆனா” என்று கோரஸ் பாடிச் சிரித்தது. பெரியவர்கள் மல்லாட்டை உரிக்கிற சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

ஸ்டேஷன் பெஞ்சு வந்தது. பியானோக்காரர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்வாரே, ‘யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை ஐயா, இருக்க இடமில்லை, அவ்வளவுதான்.’ உன் குரலில்தான் சொன்னேன். கயல் திரும்பித் திரையைப் பார்க்காமல் மைக்கைப் பார்த்தாள். மைக்செட் மாமன்னன் மைக்கை இறக்கிவிட்டான். மிச்ச வசனத்தை மழை பேசியது.

படம் முடிந்ததும் கோதண்டம் சார் நேராக என்னிடம் வந்தார். ஊரே மாறிவிட்டது, இதோ கண்ணீரோடு கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நான் கையை விரித்துக்கொண்டு நின்றேன்.

“அருமையான படம் சண்முகம். அமெரிக்காகாரன் எவ்ளோ மோசம் பாத்தியா? நம்ம பக்கம் அப்பிடியெல்லாம் கெடையாது. அது இருக்கட்டும், மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருக்குது. கயலுக்கு ஞாபகப்படுத்து.”

விரித்த கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரையை அவிழ்த்தேன்.

ஒரு படம் தெருவைத் திருத்திவிடும் என்று நீ எப்போதாவது நம்பினாயா அக்கா? நான் கேட்டால் கயல் சிரிக்கிறாள். அம்மா அப்படிச் சொன்னதே இல்லை மாமா, எண்ணிப் பார்க்கத்தான் சொன்னாங்க என்கிறாள்.

அடுத்த ஞாயிறு கோதண்டம் சார் வீட்டுப் போர்டிகோவில் சங்கக் கூட்டம். கயல் ஒரு வெள்ளைத் தாளோடு போனாள். நானும் போனேன். மேலே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். ‘தமாண்டா இந்தத் தெருவில் குடியிருப்பதில் எனக்கு, என் சொந்தப் பேரில், ஆட்சேபணை உண்டு.’ கீழே கோடு போட்ட காலி இடம். சிலர் ஆட்சேபிக்கிறார்கள் என்று லெட்டர் வந்தது, அந்தச் சிலர் கையெழுத்துப் போடட்டும், ஒருவர் போட்டாலும் அவரோடு உட்கார்ந்து பேசுகிறேன், பேரே இல்லாத லெட்டருக்கு யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன் என்றாள். குரலை உயர்த்தவில்லை. மைக்கும் இல்லை. நாற்பது வருஷம் தொண்டை கிழியக் கத்திச் சம்பாதித்ததையெல்லாம் அவள் அரை நிமிஷத்தில் அடக்கமான குரலில் வாங்கிக்கொண்டாள்.

இது என்ன புதுப் பழக்கம், அக்கம்பக்கத்தில் இப்படிக் கையெழுத்துக் கேட்பார்களா என்று ஒருவர் ஆரம்பித்தார். அப்போது பாஷா பாய் எழுந்தார். கூட்டத்தில் பாய் பேசி நான் கேட்டதேயில்லை. தலையை மட்டும் ஆட்டுவார்.

“நான் இந்தத் தெருவுக்கு வாடகைக்கு வீடு கேட்டு வந்தப்ப நாலு வீட்டுல இல்லன்னாங்க. எல்லாருமே, எங்களுக்கு ஒண்ணும் இல்ல பாய், மத்தவங்கதான்னு சொன்னாங்க. அப்புறம் நெலம் வாங்கி வீடு கட்டிகினேன். அந்த மத்தவங்க யாருன்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. தெனம் எல்லாருக்கும் வணக்கம் வைக்கிறேன். வைக்கும்போதெல்லாம், இவரா இருக்குமோன்னு தோணும். அந்தம்மாவுக்காச்சும் தெரிஞ்சி போவட்டும். கயலு சொல்றது நல்லதுக்குத்தான்.”

உட்கார்ந்துவிட்டார். படத்தைப் பார்த்து ஒருவர் மாறினார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். பாய் மாறவில்லை. இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததை வெளியே எடுக்க ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாய் வீடு தேடின அந்த வருஷம் நம் மாடி காலியாக இருந்தது. கொழுந்தனாருக்கு வேண்டும் என்று நீ பூட்டி வைத்திருந்தாய். அந்த நாலு வீட்டில் நம் வீடும் ஒன்றா?

தாள் சுற்றியது. வாங்கினவர்கள் அதை ஆகாசத்திலிருந்து விழுந்த ஓலை மாதிரி பார்த்தார்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். ஒருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் அடுத்தவரிடம் தள்ளிவிட்டு வாட்சைப் பார்த்தார். என் கைக்கும் வந்தது. கோடு போட்ட அந்த இடத்தைப் பார்த்தேன். ஊஞ்சலில் நான் சொன்னது கயல் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எழுந்து நின்று சொன்னேன். “இவங்க சொல்ற சிலர்ல நானும் ஒருத்தன். கயலுகிட்ட அனுப்பிடுன்னு சொன்னேன். இப்ப எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா அன்னிக்கு இருந்துச்சு.” இவ்வளவு சின்னதாக என் வாழ்நாளில் நான் பேசியதே கிடையாது.

தாள் கடைசியாகக் கோதண்டம் சாரிடம் போனது. அவர் ரொம்ப நேரம் வைத்திருந்தார். பைலில் வாழ்ந்த மனுஷன், கையெழுத்தில்லாத தாளை அவரால் திருப்பிக் கொடுக்க முடியுமா? பேனாவைத் திறந்து, பேர், கதவு எண், தேதி எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு பேர்.

“தேங்க்ஸ் சார். நீங்க ஒருத்தராவது நான்தான்னு எழுதினீங்க,” என்றாள் உன் மகள். அவள் கிண்டல் பண்ணவில்லை அக்கா, நிஜமாகவே கை கூப்பினாள். “காரணத்தையும் எழுதிக் குடுத்தீங்கன்னா நான் பதில் சொல்லிடுவேன்.”

காரணத்துக்கு ஒரு பத்தி இடம் விட்டிருந்தாள். கோதண்டம் சார் பேனாவை வைத்தார், எடுத்தார். பயம் என்று எழுத முடியாது, அவர் பேரனே தமாண்டாவின் பின்னலை எண்ணுகிற கூட்டத்தின் தலைவன். நிறம் என்று எழுத முடியாது, மனுஷங்க எல்லாரும் ஒண்ணு என்று அவரே சொல்லிவிட்டார். கடைசியில் ‘தண்ணீர் செலவு ஜாஸ்தி’ என்று எழுதினார். மாடியில் இருப்பது ஒரே ஆள், முன்பிருந்த தலைகீழ்ச் சாமியோ ஒரு நாளைக்கு மூன்று முறை குளிப்பார் என்பதைக் கயல் நினைவூட்டினாள். அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஆட்சேபணையை வாபஸ் வாங்க வேண்டுமென்றால் அதற்குத் தனி மனு தர வேண்டும், யோசித்துத் தருகிறேன் என்றார்.

இன்னும் தரவில்லை. மாசக் கடைசி வந்தது, போனது. தமாண்டா இருக்கிறாள். இப்போதும் அவள் எதிரே வந்தால் கோதண்டம் சார் அந்தப் பக்கம் தெருவைத் தாண்டிப் போகிறார். ஆனால் ஆட்சேபித்தவர் யார் என்று அவளுக்குத் தெரியும். அவரிடம் மட்டும் சத்தமாக ‘நல்லா இருக்கீங்களா சார்’ என்று தமிழில் கேட்கிறாள். அவர் தலையாட்டுகிறாரா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறாரா என்று இன்னும் முடிவாகவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் நான் மாடிக்குப் போனேன். பெட்டி அவிழ்ந்து கிடந்தது, விதைப் பொட்டலங்கள் ஜன்னல் ஓரம் வரிசையாக இருந்தன. கயலை மொழிபெயர்க்கச் சொல்லி, ஊஞ்சலில் சொன்னதைத் தமாண்டாவிடமும் சொன்னேன். அவள் சிரித்தாள், சந்தோஷச் சிரிப்பு இல்லை, பழைய சிரிப்பு. ஜன்னல் திறந்திருந்தது, எனக்குக் கேட்டது என்றாள். உனக்குத்தான் தமிழ் தெரியாதே என்றேன். கயல் அவள் பதிலைச் சொன்னாள்.

“வார்த்தை புரியலையாம் மாமா. ஆனா அந்தக் கொரல் புரிஞ்சுதாம். இடம் இல்லன்னு சொல்றவங்க எல்லாரும் எல்லா ஊர்லயும் அதே மாதிரி மெதுவாத்தான் பேசறாங்களாம்.”

நாற்பது வருஷம் குரலை விற்றுச் சாப்பிட்ட எனக்கு, என் குரலைப் பற்றி இப்படி ஒரு மதிப்புரை வந்ததில்லை.

அக்கா, உனக்கு ஒரு மகள் பிறந்திருக்கிறாள். பிறந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது, ஆனால் எனக்குப் போன மாசம்தான் தெரிந்தது. நீ வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நோட்டை மூடுவாய். அவள் தாளை நீட்டிப் பதில் எழுதச் சொன்னாள். உன்னைவிட ஒரு படி மேல் என்று எழுதினால் சண்டைக்கு வருவாய். வா, எனக்கும் பொழுது போகும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், இதில் மிகைப்படுத்தல் ஒரு சொட்டும் இல்லை. இனி எனக்கு யார் மேலாவது ஒரு ‘ஆனா’ வந்தால், அதைப் பெரியம்மா தலையிலோ தெருவின் தலையிலோ ஏற்றமாட்டேன். சத்தமாக, என் பேரில், அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்வேன். சொல்ல வெட்கமாக இருந்தால், அந்த ‘ஆனா’வை அங்கேயே விழுங்குவேன்.

உன் கூடப் பிறந்தவன்,
கயல்விழிக்குத் தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள இப்போதுதான் தகுதி தேடிக்கொண்டிருக்கிற
சண்முகம்